கெஸ்கிடி சென்டர் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன்ல கறுப்பின மக்களோட நாடகம், கவிதை, இசைன்னு எதைப் பத்தி பேச்சு வந்தாலும் நான் கெஸ்கிடி பேரை எடுத்துடுவேன், உடனே கேட்கிறவங்ககிட்ட இருந்து ஒரே மாதிரி கேள்விகள்தான் வரும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் டைப் பண்றதுக்கு ஒரே இடத்துல போட்டு வச்சிடலாம்னு இது. எல்லாத்தையும் வரிசையா படிக்கணும்னு இல்ல, ஆனா "ஏன் தனியா ஒரு இடம்"ங்கிற கேள்வியை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க, மத்த பதிலெல்லாம் அதுல இருந்துதான் கிளம்புது.

முதல்ல, கெஸ்கிடி சென்டர்னா என்ன?

வடக்கு லண்டன் இஸ்லிங்டன்ல, கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்கு வடக்கால, காலிடோனியன் ரோடு பக்கம் கிஃபர்ட் ஸ்ட்ரீட்னு ஒரு சின்னத் தெரு. அங்க இருந்த விக்டோரியா காலத்து மிஷன் ஹால் ஒண்ணுல 1971ல ஆரம்பிச்ச கலை மையம். பிரிட்டன்ல கறுப்பின மக்களுக்குன்னே, அவங்களே ஆரம்பிச்சு அவங்களே நடத்தின முதல் கலை மையம்னு பொதுவா சொல்றது இதைத்தான். அதுக்கு முன்னாடி கூடுற இடமே இல்லாம இல்ல, ஏர்ல்ஸ் கோர்ட்ல வெஸ்ட் இந்திய மாணவர் மையம் இருந்துச்சு, அங்க கூட்டம், கவிதை வாசிப்பு எல்லாம் நடந்துச்சு, ஆனா அது படிக்க வந்தவங்களுக்கான இடம். பஸ் டிப்போவுலயும் ஆஸ்பத்திரியிலயும் வேலை பார்க்கிறவங்களோட பிள்ளைகள் சாயங்காலம் நேரா உள்ள நுழையற மாதிரி, மேடையும் லைப்ரரியும் ஸ்டுடியோவும் ஒரே கூரைக்கு அடியில இருந்தது கெஸ்கிடியிலதான்.

யார் ஆரம்பிச்சது? பேரு எங்க இருந்து வந்துச்சு?

ஆஸ்கர் ஏப்ரம்ஸ். கயானாவுல பிறந்தவர், தொழில்ல ஆர்க்கிடெக்ட், கூடவே இனப்பாகுபாட்டுக்கு எதிரா வேலை செஞ்சவர். ஆர்க்கிடெக்ட்ங்கிறது முக்கியம்னு எனக்குத் தோணும், ஏன்னா ஆள் நடமாட்டம் கொறைஞ்சு கெடந்த ஒரு பழைய ஹாலைப் பார்த்து இங்க மேடை, இங்க புத்தகம், இங்க சிற்பம் செதுக்குற இடம்னு மனசுக்குள்ள பிளான் போட்டுப் பார்க்கிற கண்ணு அவருக்கு இருந்துச்சு. 1996ல இறந்துட்டார். பேரு ஒரு பறவையோடது, கயானாவுலயும் ட்ரினிடாட்லயும் எங்கயும் பார்க்கலாம், மஞ்சள் வயிறு, கறுப்பு முகத்துல வெள்ளைப் பட்டை, கத்த ஆரம்பிச்சா தெருவுக்கே கேக்கும்.

கரீபியன் மக்கள் லண்டனுக்கு ஏன் வந்தாங்க?

கூப்பிட்டாங்க, வந்தாங்க. இரண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் பிரிட்டன்ல வேலைக்கு ஆள் இல்ல, ரயில், பஸ், தபால், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் ஆள் தேவை. எம்பயர் விண்ட்ரஷ்ங்கிற கப்பல் 1948 ஜூன் 22 அன்னிக்கு டில்பரி துறைமுகத்துல ஆட்களை இறக்கினதைத்தான் தொடக்கமா சொல்வாங்க. அவங்க எல்லாம் பிரிட்டிஷ் குடிமக்களாவே வந்தவங்க, அகதியும் இல்ல, திருட்டுத்தனமாவும் வரல. வந்த இடத்துல கறுப்பர்களுக்கு வீடு இல்லைன்னு ஜன்னல்ல போர்டு. 1958ல லண்டன் நாட்டிங் ஹில்ல வெள்ளைக்காரக் கும்பல் கரீபியன் மக்களைத் தாக்கின கலவரம். 1962ல வர்றவங்களைக் கட்டுப்படுத்த சட்டம். இனப்பாகுபாட்டைத் தடுக்கிற சட்டம் 1965ல வந்துச்சு, ஆனா வீடும் வேலையும் அதுல சேரவே இல்ல, அது 1968 சட்டத்துலதான் வந்துச்சு, அதே வருஷம்தான் குடியேறி வர்றவங்களுக்கு எதிரா எம்.பி. ஈனாக் பவல் பேசின விஷப் பேச்சும்.

லண்டன்ல தியேட்டருக்கா பஞ்சம்? ஏன் தனியா ஒரு இடம் வேணும்?

இதுதான் எல்லாரும் கேக்கறது, சிலர் நல்ல மனசோட கேப்பாங்க, சிலர் "இது பிரிவினை இல்லையா"ன்னு கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் பதில் ஒண்ணுதான்.

தியேட்டர் இருந்துச்சு. ஆனா ஒரு கறுப்பின நடிகருக்கு அங்க கெடச்ச வேஷம் என்ன, வேலைக்காரன், குற்றவாளி, ரெண்டு வரி பேசிட்டுப் போற நர்ஸ். நாடகம் எழுதி எடுத்துட்டுப் போனா, யாருக்காக எழுதியிருக்கீங்க, இந்தப் பேச்சு எங்க ஆடியன்ஸுக்குப் புரியாதேன்னு திருப்பி அனுப்புவாங்க. பாட்டுக் கேட்டு ஆடணும்னா பல கிளப்புல வாசல்லயே நிறுத்திடுவாங்க, அதனால வீட்டு பேஸ்மென்ட்ல ஸ்பீக்கர் கட்டிப் பார்ட்டி வச்சா போலீஸ் ரெய்டு. நாட்டிங் ஹில்ல ஃபிராங்க் கிரிச்லோ நடத்தின, கறுப்பின மக்கள் கூடுற மேங்ரோவ்ங்கிற ரெஸ்டாரன்ட்டை எடுத்துக்கங்க, 1969 ஜனவரியில இருந்து 1970 ஜூலைக்குள்ள 12 தடவை போலீஸ் ரெய்டு, போதைப்பொருள்னு சொல்லி வந்தாங்க, ஒண்ணும் கெடைக்கல. அதை எதிர்த்து ஆகஸ்ட் 9 அன்னிக்கு ஊர்வலம் போனாங்க, அதுல ஒன்பது பேர் மேல கலவர வழக்கு, ஓல்ட் பெய்லி கோர்ட்ல 55 நாள் விசாரணை, கலவரம்ங்கிற குற்றச்சாட்டுல இருந்து ஒன்பது பேரும் விடுதலை. தீர்ப்பு வந்தது 1971 டிசம்பர். கெஸ்கிடி ஆரம்பிச்சதும் அதே வருஷம். சோறு சாப்பிட உட்கார்ந்தாலே கதவைத் தட்டுற ஒரு ஊர்ல, நாடக ஒத்திகைக்கு நிம்மதியா ஒரு அறை வேணும்னா அது சொந்த இடமாத்தான் இருக்கணும்.

இன்னொண்ணு பள்ளிக்கூடம். கரீபியன்ல இருந்து வந்த பிள்ளைகளை, பேசுற விதம் வேற, ஊர் புதுசு, பரீட்சையில வர்ற விஷயங்களும் பழக்கமில்லைங்கிற ஒரே காரணத்துக்காக, மூளை வளர்ச்சி கம்மின்னு முத்திரை குத்தி தனிப் பள்ளிக்கு அனுப்பிட்டு இருந்தாங்க. அவங்க எண்ணிக்கைக்கு ரொம்ப ரொம்ப அதிகமா அங்க தள்ளப்பட்டாங்க. பெர்னார்ட் கோர்டுங்கிற கிரெனடாக்கார ஆசிரியர் இதை அம்பலப்படுத்தி எழுதின சின்ன புத்தகமும் 1971லதான் வந்துச்சு, நியூ பீக்கன் புக்ஸ் போட்டுச்சு. உனக்கு ஒண்ணும் வராதுன்னு பகல் முழுக்கக் கேட்டுட்டு வர்ற ஒரு பையன், சாயங்காலம் ஒரு ஹாலுக்குள்ள நுழையறான், அங்க அவனை மாதிரியே பேசுறவங்க கவிதை எழுதுறாங்க, மரத்துல சிற்பம் செதுக்குறாங்க, டைரக்டர் நாற்காலியில அவன் நிறத்துல ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். இதை வெஸ்ட் எண்ட் தியேட்டர் டிக்கெட்ல ரெண்டு பவுண்டு தள்ளுபடி கொடுத்து ஈடுகட்ட முடியாது.

வாடகை வீட்டுல ஆணி அடிக்கணும்னாலும் ஓனரைக் கேக்கணும் இல்லையா, அது மாதிரி கடன் வாங்கின மேடையில என்ன பேசலாம்னு மேடைக்காரங்கதான் முடிவு பண்ணுவாங்க. பிரிவினைன்னு சொல்றவங்க ஒண்ணை கவனிக்கணும், கதவை முதல்ல சாத்தினது யாருன்னு. கெஸ்கிடி கதவு யாருக்கும் சாத்தியிருந்ததா நான் எங்கயும் படிச்சதில்ல.

உள்ள என்னதான் நடந்துச்சு?

லைப்ரரி, நாடக மேடை, ஆர்ட் ஸ்டுடியோ, இளைஞர்களுக்கான நிகழ்ச்சிகள். நைஜீரியாவுல இருந்து வந்த சிற்பி இம்மானுவேல் தைவோ ஜெகெடே அங்கயே இருந்து வேலை செஞ்ச கலைஞர், மரச்சிற்பம், அச்சு ஓவியம், கவிதைன்னு எல்லாத்துலயும் கை வச்சவர், அவர் இருந்ததால யோருபா மரபு கிஃபர்ட் ஸ்ட்ரீட் வரைக்கும் வந்துச்சு.

ஆனா பேரு வாங்கிக் கொடுத்தது நாடகம்தான். சியரா லியோன்ல இருந்து வந்த பாட் அமடு மேடி இங்க நாடகப் பொறுப்புல இருந்தார். அப்புறம் ரூஃபஸ் காலின்ஸ், நியூயார்க்ல லிவிங் தியேட்டர் குழுவுல நடிச்சுட்டு வந்த கறுப்பின அமெரிக்கர், இவர் கை வச்சப்புறம் கெஸ்கிடி நாடகங்களுக்கு ஒரு தனி வேகம். மான்செராட்ல பிறந்த எட்கர் வைட்டோட நாடகங்கள் இங்க மேடை ஏறுச்சு. எழுதினவர் ஒரு தீவு, இயக்கினவர் அமெரிக்கா, நடிச்சவங்க லண்டன்லயே வளர்ந்தவங்க, செட்டுக்குப் பக்கத்துல நைஜீரிய சிற்பம்னு யோசிச்சுப் பாருங்க, ஆப்பிரிக்காவும் கரீபியனும் அமெரிக்காவும் ஒரு சின்ன ஹாலுக்குள்ள ஒண்ணா வேலை செஞ்சிருக்கு. இந்தக் கலவைதான் எனக்கு கெஸ்கிடியோட பெரிய சாதனை, தனித்தனி நாட்டுக்காரங்களா கப்பல்லயும் பிளேன்லயும் வந்தவங்க ஒரு சமூகமா ஆனதுக்கு இந்த மாதிரி இடங்கள்தான் காரணம்.

லின்டன் க்வெசி ஜான்சன் இங்கதான் வேலை பார்த்தாரா?

ஆமா. 1952ல ஜமைக்காவுல சாப்பல்டன்ல பிறந்து 1963ல லண்டன் வந்தவர், பிரிக்ஸ்டன்ல வளர்ந்து, பிரிட்டிஷ் பிளாக் பேந்தர் இயக்கத்துல சேர்ந்து, கோல்ட்ஸ்மித்ஸ்ல சமூகவியல் படிச்சவர். கெஸ்கிடியில லைப்ரரி, கல்வி பொறுப்பாளரா சம்பளத்துக்கு வேலை பார்த்தார். 1973ல அவரோட நீளமான படைப்பு ஒண்ணு இங்க மேடை ஏறுச்சு, ராஸ்டா லவ்ங்கிற குழுவோட மேள இசையோட. பின்னாடி டப் கவிதைன்னு உலகமே அவர் பேரோட சேர்த்துச் சொன்னதுக்கு, வார்த்தையும் தாளமும் பிரிக்க முடியாதபடி போற அந்த வாசிப்புக்கு, இந்த மேளக்காரங்களோட சேர்ந்து உட்கார்ந்த ராத்திரிகள் ஒரு பட்டறை. ஜமைக்கா பேச்சை அப்படியே எழுத்துல வச்சு, போலீஸ் அடியையும் பிரிக்ஸ்டன் தெருவையும் பாடினவர். 2002ல பெங்குவின் மாடர்ன் கிளாசிக்ஸ் வரிசையில அவர் கவிதைகள் வந்தப்போ, அந்த வரிசையில வந்த முதல் கறுப்பினக் கவிஞர் அவர்தான், உயிரோட இருக்கும்போதே வந்தவங்கள்ல ரெண்டாவது ஆள். ஒரு லைப்ரரி வேலை, அதுக்கு ஒரு சம்பளம், ஒத்திகைக்கு ஒரு அறை, இவ்வளவுதான் அந்த மையம் அவருக்குக் கொடுத்தது. ஒரு இளம் கவிஞனுக்கு அது பெரிய விஷயம்.

பாப் மார்லி வீடியோ ஒண்ணு அங்க எடுத்தாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். 1978ல, இஸ் திஸ் லவ் பாட்டோட வீடியோ. குழந்தைங்க பார்ட்டி மாதிரி ஹாலை அலங்கரிச்சு நடுவுல மார்லி ஆடிட்டு இருப்பார், சுத்தி குட்டிப் பசங்க. அதுல ஒரு பொண்ணு பின்னாடி சூப்பர் மாடலான நவோமி கேம்பல், அப்போ வயசு ஏழு. அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டா மார்லியை விட்டுட்டுப் பின்னாடி சுவரையும் ஹாலையும் பாருங்க, கெஸ்கிடியோட உள்பக்கத்தை நாம இன்னைக்கு அசையற படமா பார்க்கக் கெடைக்கிற கொஞ்ச வாய்ப்புல அது ஒண்ணு.

நியூசிலாந்து வரைக்கும் போனாங்களாமே?

1979ல போனாங்க. ஏப்ரல்ல பாப் மார்லி ஆக்லாந்துல கச்சேரி பண்ணிட்டுப் போன கொஞ்ச நாள்லயே கெஸ்கிடி குழு போய் இறங்குச்சு. பெரிய தியேட்டர்ல ரெண்டு ஷோ போட்டுட்டுத் திரும்புற டூர் இல்ல அது. மாவோரி மக்களோட மராய்ங்கிற பொது மன்றங்களுக்குப் போனாங்க, அவங்க முறைப்படி பாட்டுப் பாடி வரவேற்பு கொடுத்து உள்ள கூட்டிட்டுப் போக, அங்கயே தங்கி நாடகம் போட்டாங்க. நிலத்தைப் பறிகொடுத்தவங்களும், நிலத்துல இருந்தே பிடுங்கி அடிமைக் கப்பல்ல ஏத்தப்பட்டவங்களோட வாரிசுகளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருக்காங்க. இதை மாவோரி இயக்குநர் மெராட்டா மிட்டாவும் மார்ட்டின் சாண்டர்சனும் சேர்ந்து ஆவணப்படமா எடுத்தாங்க, பேரு கெஸ்கிடி அரோஹா. கெடச்சா பார்த்துடுங்க, நாடகத்தைவிட நாடகம் முடிஞ்சப்புறம் நடக்கிற பேச்சுதான் அதுல மனசுல நிக்கும்.

இதுல நம்ம ஆளுங்களுக்கு ஏதாவது தொடர்பு இருக்கா?

இழுத்துப் பிடிச்சுச் சொல்ற தொடர்பு எனக்குப் பிடிக்காது, ஆனா ரெண்டு விஷயம் உண்மையிலயே இருக்கு.

ஒண்ணு, ஏப்ரம்ஸோட கயானா. அடிமை முறை ஒழிஞ்சப்புறம் 1838ல இருந்து 1917 வரைக்கும் கரும்புத் தோட்டத்துக்கு இந்தியாவுல இருந்து ஒப்பந்தக் கூலிகளா ரெண்டு லட்சத்துக்கும் மேல ஆட்களைக் கொண்டு போனாங்க, பெரும்பாலும் வடக்கே கல்கத்தா வழியா, ஒரு சின்னப் பங்கு மெட்ராஸ் துறைமுகம் வழியா. அந்த மெட்ராசி வம்சாவளி இன்னைக்கும் அங்க மாரியம்மனைக் கும்பிடுறாங்க, தப்பு அடிச்சு சாமி வரவழைக்கிறாங்க, மொழி போயிடுச்சு, மேளமும் அம்மனும் நிக்குது. அதனால கரீபியன்னா ஒரே நிறம்னு நெனைக்காதீங்க.

ரெண்டாவது, சிவானந்தன். இலங்கைத் தமிழர், 1958 கலவரத்துக்கு அப்புறம் கொழும்பை விட்டுட்டு லண்டன் வந்தா, இங்க நாட்டிங் ஹில் பத்திட்டு எரியுது. இன உறவுகள் நிறுவனத்துல நூலகரா இருந்து, 1972ல உள்ள நடந்த போராட்டத்துக்கு அப்புறம் அதைத் தலைமை ஏற்று நடத்தினார், பின்னாடி அந்த நிறுவனம் இயங்கினதும் கிங்ஸ் கிராஸ் பக்கம்தான், கெஸ்கிடியில இருந்து நடக்கிற தூரம். நீங்க அங்க இருந்தீங்க, அதனாலதான் நாங்க இங்க இருக்கோம்னு அவர் சொன்னதை இன்னைக்கும் போராட்டத்துல அட்டையில எழுதிப் பிடிக்கிறாங்க. ஆப்பிரிக்க, கரீபியன், ஆசிய மக்கள் எல்லாரும் அரசியல்ல ஒண்ணா கறுப்புன்னு சேர்ந்து நின்ன காலம் அது. கெஸ்கிடி ஆப்பிரிக்க, கரீபியன் மக்களோட இடம்தான், அதை நம்மளதா உரிமை கொண்டாட வேண்டாம், ஆனா அந்தத் தெருக்கள்ல நம்ம ஆள் ஒருத்தர் தோள் கொடுத்து நின்னிருக்கார்ங்கிறதைத் தெரிஞ்சுக்கலாம்.

இவ்வளவு நல்லா நடந்தா ஏன் மூடினாங்க?

பணம். ஆனா அதோட விட்டுட முடியாது, பணம் எப்படி வந்துச்சு, எப்படி நின்னுச்சுங்கிறதுதான் கதை.

இந்த மாதிரி மையங்கள் டிக்கெட் வித்து ஓடுற இடம் இல்ல, மானியம் வேணும். பெரிய கலை அமைப்புகளோட காசு பெரும்பாலும் ஓபராவுக்கும் பெரிய தியேட்டர்களுக்கும் போயிட்டு இருந்துச்சு. 1976ல நசீம் கான் எழுதின அறிக்கை இதைத்தான் வெளிச்சம் போட்டுக் காட்டுச்சு, சிறுபான்மை மக்களோட கலை இந்த நாட்டுல எவ்வளவு நடக்குது, அதை நாடு எப்படிக் கண்டுக்காம இருக்குன்னு. அதுக்கப்புறம் கொஞ்சம் கவனம் வந்துச்சு. 1981ல இருந்து கென் லிவிங்ஸ்டன் தலைமையில லண்டன் பெருநகர கவுன்சில் கறுப்பின, ஆசியக் கலைகளுக்குத் தாராளமா பணம் விட்டுச்சு. அந்த கவுன்சிலையே தாட்சர் அரசு 1986 மார்ச் 31 அன்னிக்குக் கலைச்சிடுச்சு. லண்டன் முழுக்க இருந்த சமூக மையங்களுக்கு அது பெரிய அடி.

இன்னொரு சிக்கலும் இருக்கு, சங்கம், டிரஸ்ட்னு நடத்திப் பார்த்தவங்களுக்குத் தெரியும். ஒரு நாடகத்துக்குக் காசு கெடைக்கும், ஒரு வருஷத் திட்டத்துக்குக் கெடைக்கும், ஆனா கூரை ஒழுகினா சரி பண்ண, ஹீட்டர் பில் கட்ட, கதவைத் திறந்து வைக்கிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் கெடைக்காது. போட்டோ எடுக்க முடியாத செலவுக்கு மானியம் கொடுக்க யாருக்கும் ஆசை இல்ல. கெஸ்கிடி எண்பதுகள்ல மெலிஞ்சு மெலிஞ்சு தொண்ணூறுகளோட தொடக்கத்துல நின்னு போச்சு. இது கெஸ்கிடிக்கு மட்டும் நடந்தது இல்ல, பர்மிங்காம்ல தி டிரம்னு பெரிய மையம், 1998ல ஆரம்பிச்சது, 2016ல மூடிட்டாங்க. ஆளுங்க அக்கறை இல்லாம போனதாலதான் மூடுச்சுன்னு சொல்றவங்ககிட்ட எனக்குக் கோவமே வரும், அக்கறை இருந்ததாலதான் அவ்வளவு வருஷம் ஓடுச்சு.

அந்தக் கட்டடத்தை இப்ப போய்ப் பார்க்கலாமா?

பழைய ஹாலைப் பார்க்க முடியாது. மையம் மூடினப்புறம் அது சர்ச்சா இருந்துச்சு. 2011 ஏப்ரல்ல இஸ்லிங்டன் கவுன்சிலும் நூபியன் ஜாக் அமைப்பும் சேர்ந்து அங்க ஒரு நினைவுப் பலகை வச்சாங்க. ஒரு வருஷம்கூட ஆகல, 2012 மார்ச்ல தீப்பிடிச்சு கட்டடம் நாசமாயிடுச்சு. நாற்பது வருஷம் கழிச்சு வந்த மரியாதை, பதினோரு மாசத்துல ஹாலே இல்ல. பலகை வைக்கிறது நல்லதுதான், ஆனா கட்டடத்தையே மக்கள் கையில வச்சிருக்க ஒரு வழி பண்ணியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

அந்த வேலையை இப்ப யார் செய்றாங்க?

நிறைய பேர். டாட்டன்ஹாம்ல பெர்னி கிராண்ட் ஆர்ட்ஸ் சென்டர், 2007ல திறந்தது, டேவிட் அட்ஜாயே வடிவமைச்சது, கயானாவுல பிறந்து டாட்டன்ஹாம் எம்.பி. ஆன பெர்னி கிராண்ட் பேர்ல இருக்கு. நாட்டிங் ஹில்ல பவிஸ் ஸ்கொயர்ல டேபர்நேக்கிள், பழைய சர்ச் கட்டடம், நாட்டிங் ஹில் கார்னிவல்ங்கிற கரீபியன் தெருத் திருவிழாவோட பேர் சேர்ந்த இடம். நாடகத்துக்கு 1986ல இவோன் புரூஸ்டரும் இன்னும் மூணு பேரும் ஆரம்பிச்ச தலாவா குழு, இன்னைக்கும் ஓடுது. பிரிக்ஸ்டன்ல ரெயில்டன் ரோட்ல 198 கேலரி.

இதைப் பத்தி இன்னும் தெரிஞ்சுக்க எங்க போகணும்?

லண்டன்ல இருந்தா முதல்ல ஃபின்ஸ்பரி பார்க் பக்கம் ஸ்ட்ரவுட் கிரீன் ரோட்ல இருக்கிற நியூ பீக்கன் புக்ஸுக்குப் போங்க, ட்ரினிடாட்ல இருந்து வந்த ஜான் லா ரோஸ் 1966ல ஆரம்பிச்சது, அதே கட்டடத்துல ஜார்ஜ் பாட்மோர் நிறுவனத்தோட ஆவணங்களும் இருக்கு. பிரிக்ஸ்டன்ல விண்ட்ரஷ் ஸ்கொயர்ல பிளாக் கல்ச்சுரல் ஆர்கைவ்ஸ், கண்காட்சி இருந்தா உள்ள போய்ச் சுத்திப் பார்க்கலாம், ஆனா பழைய கடிதம், நாடக போஸ்டர், கூட்டக் குறிப்புன்னு எடுத்துப் பார்க்கணும்னா முன்னாடியே எழுதி நேரம் வாங்கிட்டுப் போகணும். தி லண்டன் ஆர்கைவ்ஸ்ல (2024 வரைக்கும் லண்டன் மெட்ரோபாலிடன் ஆர்கைவ்ஸ்னு பேரு) எரிக், ஜெசிகா ஹன்ட்லி தம்பதியோட சேகரிப்பு இருக்கு, அவங்களும் கயானாக்காரங்க, 1969ல இருந்து கறுப்பின எழுத்தாளர்களைப் பதிப்பிச்சவங்க, அந்தக் காலத்து லண்டன் எப்படிக் கூடுச்சு, எப்படிச் சண்டை போட்டுச்சுன்னு பார்க்க அதைவிட நல்ல இடம் கொஞ்சம்தான். பென்சில் எடுத்துட்டுப் போங்க, ஆவண அறைக்குள்ள பேனாவுக்கு அனுமதி இருக்காது.